சலவை எந்திரம் நின்றுவிட்டதா? முதலில் குழாயைப் பாருங்கள்!

கோலார் தங்கவயல்:

ஞாயிற்றுக்கிழமை. ஒரு வார அழுக்குத் துணி மூட்டையாகக் கிடக்கிறது. வெள்ளைச் சட்டை நாளைக் காலையில் வேண்டும். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால்தான் பெங்களூரில் நேரத்துக்கு வேலையில் நிற்க முடியும். அந்த நேரம் பார்த்துச் சலவை எந்திரம் நின்றுவிட்டால்?

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிந்தது. தண்ணீர் மட்டும் இறங்கவில்லை. மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினோம். மூன்றாம் நாள் வந்தார். எந்திரத்தின் பின்பக்கம் இருந்த குழாயைக் கழற்றினார். அதன் வாயில் விரல்நுனி அளவுக்கு ஒரு சிறிய சல்லடை. அதை வெளியே இழுத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, கழுவி மாட்டினார். தண்ணீர் "சோ"வென்று கொட்டியது. பத்து நிமிட வேலை. கூலி 350 ரூபாய்!

மெக்கானிக் மீது குற்றம் சொல்ல மாட்டேன். அவர் வந்து போன நேரத்துக்கும், கற்ற தொழிலுக்கும் அது கூலி. சல்லடை ஒன்று அங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் மூன்று வருடம் எந்திரத்தை ஓட்டியது என் குற்றம்.

பெரியவர் சொன்ன நான்கு கேள்விகள்

எங்கள் லைனில் ஒரு பெரியவர் இருக்கிறார். சுரங்கத்தில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது, என் தந்தையோடு அவரும் வேலை இழந்தார். பெரியப்பா என்றுதான் அவரை நான் அழைப்பேன். 350 ரூபாய் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார்:

"தம்பி, எந்திரம் நின்றால் எந்திரத்தைப் பார்க்காதே. நான்கு கேள்வி கேள். மின்சாரம் வருகிறதா? தண்ணீர் வருகிறதா? வந்த தண்ணீர் வெளியே போகிறதா? துணி அளவாக இருக்கிறதா? நான்குக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்த பிறகும் ஓடவில்லை என்றால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்."

அன்று முதல் அக்கம்பக்கத்தில் எந்த வீட்டு எந்திரம் நின்றாலும் இந்த நான்கு கேள்விகளைத்தான் கேட்டு வருகிறேன். பெரும்பாலான கோளாறுகள் எந்திரத்துக்கு வெளியேதான் இருக்கின்றன. ஸ்குரூ டிரைவர் தேவையில்லை. கண்ணும் கையும் போதும். ஆனால் கை வைக்கும் முன் ஒரு விதி: பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

1. மின்சாரம் வருகிறதா?

எந்திரம் அசையவே இல்லை என்றால் அதே பாயிண்டில் மின்விசிறி அல்லது இஸ்திரிப் பெட்டியைச் செருகிப் பாருங்கள். செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்த்துவிட்டு "கரண்டு இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். தளர்ந்த கம்பியிலும் சார்ஜர் ஓடிவிடும். மோட்டார் ஓடாது.

பிளக் சூடாக இருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா என்றும் கவனியுங்கள். அப்படி இருந்தால் கோளாறு பாயிண்டில். எலக்ட்ரீசியனை அழையுங்கள்.

மூடி சரியாக மூடியிருக்கிறதா? கதவோ மூடியோ சரியாக மூடாவிட்டால் ஓட மறுப்பது பல எந்திரங்களின் இயல்பு. இது கோளாறு அல்ல, பாதுகாப்பு. முன்பக்கம் கதவு உள்ள எந்திரத்தில், துவைத்து முடிந்த பிறகும் ஓரிரு நிமிடம் கதவு பூட்டியே இருக்கும். அவசரப்பட்டு இழுத்து கைப்பிடியை உடைத்தவர்கள் உண்டு.

மாலை நேரத்தில் மின்விசிறி சோர்ந்து சுற்றுகிறதா? மின் அழுத்தம் குறைவு என்று பொருள். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். அது மிகவும் இறங்கினால் மோட்டார் முனகும், சுற்றாது. அந்த நேரத்தில் எந்திரத்தை ஓட்டாமல் இருப்பதே நல்லது.

2. தண்ணீர் வருகிறதா?

செமி ஆட்டோமேட்டிக் எனப்படும் இரட்டைத் தொட்டி எந்திரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. வாளியில் மொண்டு ஊற்றினாலும் அது துவைக்கும். தண்ணீர் நிற்காத நம் லைன் வீடுகளுக்கு அது ஏற்றதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

முழு ஆட்டோமேட்டிக் எந்திரம் அப்படி அல்ல. அது தானே தண்ணீரைத் திறந்து கொள்ளும் வால்வு உடையது. அந்த வால்வு திறக்கத் தண்ணீருக்குக் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். பல எந்திரங்களின் கையேடுகளில் 0.3 பார் என்ற அளவோ அதை ஒட்டிய அளவோ போட்டிருக்கும். இதை எப்படிக் கணக்கிடுவது? தண்ணீர்த் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார். குளியலறைக் கூரைமீது தொட்டியை வைத்து, எந்திரத்தின் வாய்க்கும் தொட்டிக்கும் ஒரு மீட்டர்தான் வித்தியாசம் என்றால் 0.1 பார்தான். தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். எந்திரம் காத்திருந்து பார்த்துவிட்டு, பீப் பீப் என்று கத்தி நின்றுவிடும். எந்திரம் பழுது அல்ல. தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது சிறிய பிரஷர் பம்பு வைக்க வேண்டும்.

தொட்டி உயரம் சரியாக இருந்தும் தண்ணீர் மெதுவாக வந்தால், நான் 350 ரூபாய் கொடுத்துக் கற்ற பாடத்தை நீங்கள் இலவசமாகப் பெற்றுக் கொள்ளுங்கள். குழாயை மூடுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். எந்திரத்தில் சேரும் இடத்தில் குழாயின் மரையைக் கையால் திருகிக் கழற்றுங்கள். உள்ளே தெரியும் சல்லடையை மெதுவாக இழுத்துக் கழுவி மாட்டுங்கள். டேங்கர் தண்ணீர் வாங்கும் வீடுகளில் மாதம் ஒரு முறை இதைச் செய்யலாம். மாட்டும்போது ரப்பர் வாஷரை மறக்காதீர்கள். அது கோணலாக இருந்தாலும் ஒழுகும்.

3. தண்ணீர் வெளியே போகிறதா?

துவைத்த தண்ணீர் தேங்கி நிற்கிறதா? வெளியேற்றும் குழாயைப் பாருங்கள். மடங்கியிருக்கலாம். எந்திரத்தின் கால் அதன்மேல் ஏறியிருக்கலாம். இரட்டைத் தொட்டி எந்திரத்தில் பம்பு கிடையாது. தண்ணீர் தானாகவே வழிந்து போக வேண்டும். எனவே குழாய் தரையோடு தாழ்வாகக் கிடக்க வேண்டும். மேட்டில் தூக்கிப் போட்டால் தண்ணீர் ஏறாது.

முன்கதவு எந்திரத்தில் பம்பு உண்டு. அதன் குழாயை உயரத்தில்தான் மாட்ட வேண்டும். தரையில் போட்டால் உள்ளே விடும் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். "விடிய விடியத் தண்ணீர் குடிக்கிறது, நிறையவே மாட்டேன் என்கிறது" என்று ஒரு நண்பர் புலம்பினார். போய்ப் பார்த்தேன். குழாய் சாக்கடையில் கிடந்தது!

இந்த எந்திரத்தின் அடியில், முன்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும். உள்ளே திருகித் திறக்கும் வடிகட்டி உண்டு. தண்ணீர் ஆறிய பிறகு, கீழே ஒரு தட்டை வைத்துவிட்டு, மெதுவாகத் திறங்கள். காசு, ஊக்கு, பொத்தான், நூல்கட்டு எல்லாம் அங்கேதான் கூடியிருக்கும். டிக்கெட் கவுண்டரில் உட்காரும் எனக்கு இன்னொன்றும் தெரியும். சீசன் டிக்கெட்டைச் சட்டைப் பையோடு துவைத்துவிட்டுக் கூழாகக் கொண்டுவந்து நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூழில் மிச்சம் இருப்பது எந்திரத்தின் வயிற்றில்தான். துணி போடும் முன் பையைத் துழாவுங்கள்.

இரட்டைத் தொட்டியில் இதற்கு நேர்மாறான தொல்லையும் வரும். ஊற்ற ஊற்றத் தண்ணீர் நிற்காது. முதலில் திருகு "டிரெயின்" பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் பாதி அதுதான். இல்லையென்றால் வெளியேறும் வாயில் நூலோ மண்ணோ சிக்கி, அடைப்பான் முழுதாக உட்காமல் இருக்கும்.

மண் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் காற்று கிளம்பினால் சயனைடு மேட்டுப் புழுதி கொடித் துணியில் எல்லாம் படிகிறது. அந்தத் துணியை அப்படியே எந்திரத்தில் போடாமல், வெளியே நன்றாக உதறிவிட்டுப் போடுங்கள். புழுதி போய்ப் படிவது அடிக்குழாயில்.

4. துணி அளவாக இருக்கிறதா?

"7 கிலோ" என்று எந்திரத்தில் எழுதியிருப்பது உலர்ந்த துணியின் எடை. ஊறிய துணியின் எடை அல்ல. எடை போட வேண்டாம். தொட்டியில் மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்தால் போதும். அமுக்கி அமுக்கித் திணித்தால் அழுக்கும் போகாது, மோட்டாரும் சூடாகும்.

பிழியும் தொட்டி பேயாட்டம் ஆடுகிறதா? ஒரு கனமான போர்வை ஒரே பக்கமாக ஒதுங்கியிருக்கும். நிறுத்தி, துணியைச் சுற்றிலும் சமமாகப் பரப்புங்கள். எங்கள் வீட்டு எந்திரம் முதல்முறை அப்படி அதிர்ந்தபோது என் தாயார் வாசலுக்கு ஓடிவிட்டார். சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் பாறை வெடித்தால் பரணில் உள்ள பாத்திரங்கள் எல்லாம் கலகலவென்று ஆடுமாம். அந்தப் பழைய பயம்!

துணி சமமாக இருந்தும் ஆடினால் தரையைப் பாருங்கள். எந்திரத்தின் மூலைகளை மாற்றி மாற்றி அமுக்குங்கள். தட்டாட்டம் ஆடினால் அந்தக் காலைத் திருகி உயர்த்துங்கள். மூடியின் மேல் ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் வைத்தால் எந்தப் பக்கம் சாய்வு என்று தெரிந்துவிடும். புதிதாக வந்த முன்கதவு எந்திரம் குதித்தால், கொண்டுவரும்போது தொட்டி ஆடாமல் இருக்கப் போட்ட போல்ட்டுகளைப் பின்னாலிருந்து கழற்றினார்களா என்று பாருங்கள்.

பிழியும் தொட்டியின் மூடியைத் திறந்ததும் சுழற்சி சில விநாடிகளில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றினால் பிரேக் போய்விட்டது. அந்த எந்திரத்தைக் குழந்தைகள் பக்கம் விடாதீர்கள். சரி செய்யும்வரை பயன்படுத்தவும் வேண்டாம்.

"ஊம்" என்று முனகினால்

மோட்டார் முனகுகிறது. ஆனால் சுற்றவில்லை. உடனே அணையுங்கள். அப்படியே விட்டால் காயில் கருகிவிடும். பிறகு செலவு பல மடங்கு.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியின் அடியில் உள்ள சுழலும் தட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் அடியில் கைக்குட்டையோ குழந்தையின் சாக்சோ சிக்கியிருக்கும். லேசாகச் சுற்றினால், பெரும்பாலும் கோளாறு கெப்பாசிட்டரில். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் தட்டு சுற்றவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும்.

கெப்பாசிட்டர் என்றால் என்ன? சைக்கிள் பெடல் நேர் செங்குத்தாக நிற்கும்போது எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நகராது. யாராவது ஒரு தள்ளு தள்ள வேண்டும். வீட்டு மோட்டாரும் அப்படித்தான். மின்சாரம் கிடைத்தாலும் தானாகக் கிளம்பத் தெரியாது. அந்த முதல் தள்ளைக் கொடுப்பது கெப்பாசிட்டர். விலை குறைந்த சாமான்தான். ஆனால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது உள்ளே மின்சாரத்தை வைத்திருக்கும். தொட்டால் அடிக்கும். இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். "மோட்டாரே போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால் மட்டும், "கெப்பாசிட்டரைப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கள் ஊர்த் தண்ணீர்

சுரங்கக் காலத்தில் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரித் தண்ணீரை நம்பியிருந்த ஊர் இது. இன்று பல வீடுகளில் ஆழ்குழாய்த் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். அந்தத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். சோப்பு நுரைக்காது. துணி மொடமொடப்பாகக் காயும். தொட்டியில் வெள்ளைப் படலம் ஏறும். நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் தூளைக் கொட்டுவார்கள். கரையாத தூளும் படலமும் சேர்ந்து பிசினாகி, துர்நாற்றம் வீசும்.

இதற்கு வைத்தியம் எளிது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம் 100 கிராம் வாங்குங்கள். துணி போடாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கலந்து ஒரு முறை ஓட்டுங்கள். பிறகு நல்ல தண்ணீர் விட்டு ஒரு முறை அலசுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போதும். ஆனால் இதனுடன் பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். துவைத்து முடிந்ததும் மூடியைத் திறந்து உலர விட்டால் பாதி நாற்றம் வராது.

இங்கே நிறுத்துங்கள்!

இதுவரை சொன்னதெல்லாம் காசு மிச்சம். இனிச் சொல்வது உயிர்.

எங்கள் லைனில் ஒரு வீடு. தகர உடம்பு உள்ள பழைய எந்திரம். ஈரக் கையால் தொட்டால் "சுர்" என்று இழுக்கும். அந்த வீட்டுப் பெண்மணி ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, மரப்பலகை மேல் நின்று துணி போடுவார். "எல்லா மெஷினும் இப்படித்தான்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதம் இப்படியே ஓடியது.

இது பெரியப்பா காதில் விழுந்தது. கையில் இருந்த காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். பிளக்கைப் பிடுங்கினார். எந்திரத்தைச் சாய்த்தார். எலி கடித்த கம்பியின் செம்பு, தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுவரில் பார்த்தால் இரண்டு ஓட்டைப் பாயிண்ட். மூன்று கால் பிளக்கைச் செருகுவதற்காக நடுவில் ஒரு மலிவு அடாப்டர். எர்த் கம்பியே இல்லை. தகரத்தில் ஏறிய மின்சாரத்துக்குப் பூமிக்குப் போக ஒரே வழிதான் இருந்தது. அந்தப் பெண்மணியின் உடம்பு.

அன்று அவர் சிரிக்கவில்லை. "சுரங்கத்தில் சின்ன ஷாக் என்று ஒன்று கிடையாது, தம்பி. நாளைக்கு ஆளைக் கொல்லப் போகும் ஷாக்தான் இன்றைக்குச் சின்னதாக வருகிறது" என்றார்.

பிளக்கில் இருக்கும் தடித்த, நீளமான மூன்றாவது கால்தான் எர்த். உள்ளே கம்பி அறுந்து உடம்பைத் தொட்டாலும், அந்த மின்சாரத்தைப் பூமிக்குக் கொண்டுபோவது அது. அதை வெட்டி எறிவதும், இரண்டு ஓட்டை அடாப்டரில் செருகுவதும் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டும் பழைய வழக்கமும் இப்போது உதவாது. குழாய்கள் பிளாஸ்டிக் ஆகிவிட்டன.

லேசாகச் சுர்ரென்றாலும் அன்றே எந்திரத்தை நிறுத்துங்கள். எலக்ட்ரீசியனைக் கொண்டு எர்த் போடுங்கள். அதோடு ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சும் வைக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். எந்திரத்தின் அடியில் எலி நுழையாதபடி வலை அடித்துவிடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்காதீர்கள். இது ஆடம்பரம் அல்ல.

மெக்கானிக் வந்தால்

நான்கு கேள்விக்கும் பதில் கிடைத்தும் ஓடவில்லை. மெக்கானிக் வருகிறார். பக்கத்தில் நின்று பாருங்கள். "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது நின்றது, என்ன சத்தம், என்ன வாடை, திரையில் என்ன எழுத்து என்று சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். ரசீது வாங்குங்கள். உத்தரவாத காலம் முடியவில்லை என்றால் கம்பெனி சர்வீசுக்குத்தான் சொல்ல வேண்டும். வெளியாள் திறந்தால் உத்தரவாதம் போய்விடலாம். நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

சிவசமுத்திரத்தில் இருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, 1902-ம் ஆண்டிலேயே மின்சாரம் கொண்டுவந்த ஊர் நம்முடையது. அது சுரங்கத்துக்காக வந்த மின்சாரம். அதைக் காவல் காத்து ஓட்டியவர்கள் நம் தகப்பன்மாரும் பாட்டன்மாரும். அவர்கள் பிள்ளைகள் வீட்டில் மூன்றாவது கம்பி இல்லாமல் ஒரு பாயிண்ட் இருக்கலாமா?

என் தந்தையின் சுரங்கத்து உடுப்பைக் கல்லில் அடித்து அடித்தே என் தாயாரின் உள்ளங்கை காய்ப்பேறிவிட்டது. இன்று அந்தக் கை ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அமுக்கும்போது அந்தக் கைக்கு ஒரு தீங்கும் வரக் கூடாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, துணியை எந்திரத்தில் போடும் முன், சுவரில் உள்ள பாயிண்டை ஒரு முறை பாருங்கள். ஓட்டை இரண்டா, மூன்றா? மூன்று என்றால், மூன்றாவதில் எர்த் கம்பி இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.